மூச்சு மட்டும்

பதினோரு மணிக்கு வந்துடுங்க மேடம் என்றுதான் டப்பிங் நடத்துகிற எழிலன் போனில் சொன்னான். ரூபவதி பத்தேமுக்காலுக்கே வந்துவிட்டாள். இப்போது பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிஷம். உட்கார்ந்திருக்கிற பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஒரு கால் வளைந்திருக்கிறது. அவள் மூச்சை இழுத்து விடும்போதெல்லாம் அது ஒரு முனகல் முனகுகிறது, எழுபத்தொரு வயதில் நானே முனகாமல் உட்கார்ந்திருக்கிறேன், உனக்கென்ன கேடு என்று அதைக் கேட்கலாம் போலிருந்தது. சாலிகிராமத்தில் இந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் உண்டு, போன தீபாவளியிலிருந்து அதன் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது, மூன்று மாடி ஏறிய முழங்கால் இன்னும் அடங்கவில்லை. எதிரே ஒலிப்பதிவு அறையின் கனத்த கதவு. உள்ளே நடப்பது வெளியே கேட்கவே கூடாத கதவு, ஆனால் அதன் ரப்பர் பட்டை கிழிந்து ஒரு விரல் அகலத்துக்குத் தொங்குகிறது, அந்த இடைவெளியில் ஒரு கிழவியின் குரல் ஒழுகி வருகிறது. நடுங்குகிறது, இழுக்கிறது, வாக்கியத்துக்கு நடுவில் இருமுகிறது, மறுபடியும் நடுங்குகிறது. கிழவி எங்கே வந்தாள். பிரதீபா. முப்பது வயதிருக்கும், காலையில் படியில் இவளைத் தாண்டி இரண்டிரண்டு படியாக ஏறிப் போனவள், போகிற போக்கில் வணக்கம் ரூபாம்மா என்று பல் தெரியச் சிரித்தவள். படத்தில் ஒரு மகள் வருகிறாள், அதற்கு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு இவளும் சிரித்து வைத்தாள். மகளுக்கு இல்லை. ஐரீனுக்கு. முப்பது வருஷமாகத் தமிழில் இவள் வாயால் பேசிவந்த ஆங்கில நடிகை ஐரீன் ஹாலோவெல்லுக்கு, செத்துப்போனபிறகு வருகிற கடைசிப் படத்துக்கு, அந்தப் பெண் குரல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவளை வெளியே உட்கார வைத்துவிட்டு. ஒரு சின்ன டெஸ்ட் மேடம், சேனல்ல கேக்கறாங்க, பத்து நிமிஷம் என்றான் எழிலன். யாருக்கு டெஸ்ட் என்று அவன் சொல்லவில்லை, கேட்க இவளுக்கும் வாய் வரவில்லை. வாயை வைத்தே இத்தனை வருஷம் பிழைத்தவளுக்கு வேண்டிய நேரத்தில் வாய் வருவதில்லை, இது ஒன்றும் புதிதில்லை.

ஐரீன் நடுங்கியதே கிடையாது, அதைத்தான் அந்தப் பெண்ணிடம் யாராவது சொல்ல வேண்டும். எழுபத்தெட்டு வயதில் நடித்த படம், சரி, ஆனால் எழுபத்தெட்டு வயது என்றால் ஆட்டுக்குட்டி மாதிரி கத்த வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொன்னது. கசாப்புக் கடைக்காரரின் மகள் அவள். இங்கிலாந்துக்கு வடக்கே ஒரு நிலக்கரி ஊர், எட்டு வயதிலிருந்து கடை வாசலில் நின்று அடுத்தவர் வாங்க என்று கூப்பிட்ட குரல், அந்தக் குரலை மெருகேற்றித்தான் நாடகப் பள்ளியில் இடம் வாங்கினாள். முதல் படத்தில் நாற்பது நொடி. தட்டோடு வந்து, மழை வரும்போல இருக்கிறது ஐயா என்று சொல்லிவிட்டுப் போகிற வேலைக்காரி. அந்த நாற்பது நொடியில் ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்ப்பாள் பார், நிஜமாகவே துணி காயப் போட்டுவிட்டு வந்தவள் மாதிரி. அப்புறம் எட்டு வருஷம் தட்டு, டெலிபோன், நர்ஸ் தொப்பி, யாருடைய தோழியாகவோ ரயிலடியில் கையசைத்தல். இருபத்தெட்டு வயதில் அந்த ஆசிரியைப் படம். பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில் ஆங்கிலப் படம் போடுவார்கள், விடுதியிலிருந்து கோவிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு மூன்று பேர் போனோம், கையில் ஞானப்பாட்டுப் புத்தகத்தோடு, வார்டன் கண்டுபிடித்து மூன்று பேரையும் மூன்று வாரம் கோவில் முன்வரிசையில் முழங்காலில் நிற்க வைத்தாள், அந்த முழங்கால்தான் இது. பி.ஏ. இரண்டாம் வருஷம். படத்தில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவள், ஒரு நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், நீளமான மரப் பாதையில் திரும்பிப் பார்க்காமல் நடந்து போவாள். முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு தியேட்டர் முழுக்க மூச்சடைத்து உட்கார்ந்திருந்தது. ஒரு முதுகால் இவ்வளவு பேச முடியுமா என்று ரூபவதிக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். அந்த முதுகுக்கு ஒரு நாள் தானே வசனம் சொல்லப்போகிறோம் என்று யாராவது சொல்லியிருந்தால் ஞானப்பாட்டுப் புத்தகத்தை அவன் தலையில் போட்டிருப்பாள்.

முதுகு. அதுதான் இந்தத் தொழிலின் அக்கிரமம். முகம் தெரிகிறவரைக்கும் வாயசைவுக்குத்தான் பேச முடியும், ஒரு எழுத்து கூடினால் வழியும், குறைந்தால் வாய் சும்மா ஆடும். ஆனால் நடிகை திரும்பி நின்றுவிட்டால் தமிழில் எழுதுகிறவருக்குக் கொண்டாட்டம். முதுகு தெரியுதா, போடு ஒரு வரி. சும்மா நின்னா ஜனங்க சேனலை மாத்திடுவாங்க. ஐரீன் வாயே திறக்காமல் சமையலறையில் பாத்திரம் கழுவுவாள், தமிழில் கடவுளே எனக்கு மட்டும் ஏன் இந்தச் சோதனை என்பாள். காரில் ஏறப் போவாள், பின்னந்தலை, எல்லாம் என் தலையெழுத்து. ராணியாக நடித்த படத்தில் மந்திரி போனதும் ஜன்னல் பக்கம் திரும்புவாள், வெறும் பத்து நொடி, இடது தோள் மட்டும் ஒரு அரை அங்குலம் இறங்கும், அவ்வளவுதான், அதிலேயே எல்லாம் இருக்கும், ஐயோ, இந்த ஆளோடு இன்னும் எத்தனை வருஷம் என்கிற சலிப்பு. அதற்கு மேல் இவர்கள், நாட்டைக் காப்பாற்றுவேன், இது சத்தியம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சொன்னாள். சொல்லத்தானே கூப்பிட்டார்கள். அதுதான் ரூபவதி ஐரீனுக்குப் பேசிய முதல் படம், அப்போது ஐரீனுக்கு ஐம்பது, இவளுக்கு நாற்பத்தொன்று. அதற்கு முன்னால் ஏழு வருஷம் ஐரீனுக்குப் படமே இல்லை. கதாநாயகிக்கு வயது போய்விட்டது, கதாநாயகியின் அம்மாவுக்கு இன்னும் வரவில்லை. இரண்டாவது புருஷனும் போய்விட்டான். அந்த ஏழு வருஷமும் சோப்பு விளம்பரத்துக்குப் பின்னால் பேசினாள், கண் தெரியாதவர்களுக்குப் புத்தகம் படித்துப் பதிவு செய்து கொடுத்தாள், முகமில்லாத வெறும் குரலாக இருந்தாள். இதை ஒரு பத்திரிகையில் படித்தபோது ரூபவதி கத்தரித்துப் பீரோவுக்குள் ஒட்டி வைத்தாள். திருநெல்வேலி வானொலி நாடகத்தில் தொடங்கி, வீட்டுக்காரருக்குத் தபால் இலாகாவில் சென்னைக்கு மாற்றல் வந்ததும் இங்கே வடக்கத்தி நடிகைகளுக்கு அழுதும் சிரித்தும், முகமில்லாமல் இருப்பது எப்படி என்று இவளுக்குத் தெரியாதா. ஒரு கடிதம்கூட எழுதினாள். அன்புள்ள ஐரீன், உங்களுக்குத் தெரியாது, நான்தான் தமிழில் நீங்கள். நல்ல ஆங்கிலம், கல்லூரியில் படித்த ஆங்கிலம், இரண்டு முறை படி எடுத்து எழுதியது. நான்கு மாதம் கழித்து ஒரு புகைப்படம் வந்தது, அன்புடன் என்று கையெழுத்துப் போட்டு. விரலை நாக்கில் நனைத்துக் கையெழுத்தின்மேல் தேய்த்துப் பார்த்தாள். கலையவில்லை. அச்சு.

உள்ளே நடுங்கல் நின்றுவிட்டது. எழிலன் ஏதோ சொல்கிறான். பிரதீபா சிரிக்கிறாள், அவளுடைய சொந்தக் குரலில், அது நல்ல குரல், கொஞ்சம் கரகரப்பு, அதை வைத்துக்கொண்டு ஒழுங்காகப் பேசினாலே போதும். மறுபடி ஆட்டுக்குட்டி. ரூபவதி பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து வெந்நீர் ஊற்றிக்கொண்டாள். குடித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தாள், கனைத்த பிறகு யாராவது கேட்டிருப்பார்களோ என்று கதவைப் பார்த்தாள். போன வாரம் சிலிண்டருக்குப் பதிவு செய்ய போன் போட்டால் எடுத்த பெண், சொல்லுங்க சார் என்றது. சார் இல்லம்மா. சாரி சார், முகவரி சொல்லுங்க சார். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய், கதவைத் தாழிட்டு, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் தாழிடுவதற்கு, இருந்தாலும் தாழிட்டு, ராணியின் வசனத்தை முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாள். கீழே இறங்கிவிட்டிருந்தது. மேல் ஸ்வரம் எங்கோ உத்தரத்தில் மாட்டிக்கொண்ட பட்டம் மாதிரி, தெரிகிறது, எட்டவில்லை. இது சேனல்காரர்களுக்குத் தெரிந்துவிட்டதா. போன படத்திலேயே எழிலன் ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு ஒரு மாதிரி முகம் வைத்திருந்தானே. ஆனால் ஐரீனுக்கும் இறங்கியதே. கடைசி இரண்டு படத்தில் அவள் குரலும் கிணற்றுக்குள் இறங்கின வாளி மாதிரி அடியில் இடித்து இடித்துத்தானே வருகிறது. அவளுக்கு இறங்கினால் அனுபவம், எனக்கு இறங்கினால் சார். இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால், அவர் போய்ப் பன்னிரண்டாம் நாள், தபால் மூட்டைக்குப் பக்கத்தில் காலை பத்தரை மணிக்கு உட்கார்ந்த வாக்கிலேயே போய்விட்ட மனுஷன், அந்தப் பன்னிரண்டாம் நாள் இவள் டப்பிங்குக்கு வந்தாள், தேதி முன்பே கொடுத்தாகிவிட்டது. ஐரீன் நீதிபதியாக வருகிற படம். தீர்ப்புச் சொல்லிவிட்டு அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள், முதுகு. தாளில் நீதி வென்றது என்று இருந்தது. இவள் வாயிலிருந்து வேறென்னவோ வந்தது. போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே. அவ்வளவுதான். கண்ணாடிக்கு அந்தப்பக்கத்திலிருந்து இன்னொரு டேக் கேட்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டார்கள். படம் வந்தபிறகு சேனலுக்கு இரண்டு மூன்று பெண்கள் எழுதினார்களாம், அந்த இடத்தில் அழுதுவிட்டோம் என்று. கதையில் அந்த நீதிபதிக்குப் புருஷனே கிடையாது, யாரும் அதைக் கேட்கவில்லை. முதுகுக்கு எதையும் சொல்லலாம் என்று திட்டிக்கொண்டே அங்கே தன்னுடையதை ஒளித்து வைத்தவள்தானே நானும்.

கதவு திறந்தது. குளிர் வெளியே வந்தது, குளிரோடு எழிலன். நாற்பதுக்குள் இருப்பான், தாடியைச் சொறிந்துகொண்டே பேசுவான், சொறிந்தால் நல்ல செய்தி இல்லை. "மேடம், சாப்பிட்டீங்களா?" என்றான். "பன்னெண்டரைக்கு யாரு தம்பி சாப்பிடுவா? விஷயத்தைச் சொல்லுங்க." அவன் இன்னொரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான், அதற்கு நான்கு காலும் சரியாக இருந்தது. "சேனல்ல என்ன சொல்றாங்கன்னா, குரல் வயசான மாதிரி இருக்கணும், ஆனா கேக்க ஃப்ரெஷ்ஷா இருக்கணும்ங்கறாங்க." "வாடின கீரை பச்சுனு இருக்கணும்." "அதேதான் மேடம், நான் என்ன பண்றது? பிரதீபா லைன்ஸ் எல்லாம் ஓகே ஆயிடுச்சு. மிச்சத்தை ரெண்டு நாள்ல முடிச்சிடுவா. ஆனா ஒரு பிரச்சினை." தாடி. "ரியாக்‌ஷன் வரலை. இருமல், பெருமூச்சு, படியேறும்போது இளைப்பு, உக்காரும்போது ஒரு அம்மாடி, இதெல்லாம் அந்தப் பொண்ணுக்கு வரலை மேடம், ஓடி வந்த மாதிரி இருக்கு. அதனால வசனம் அவ பேசட்டும், மூச்சு மட்டும் நீங்க குடுத்துட்டா..." அவன் முடிக்கவில்லை. ரூபவதி அவனையே பார்த்தாள். மூச்சு மட்டும். ஒருத்தியின் உடம்பில் இரண்டு பேர், வார்த்தைக்கு ஒருத்தி, இழுக்கிற மூச்சுக்கு ஒருத்தி. காடாறு மாதம் நாடாறு மாதம். இப்படி ஒரு கேவலத்தை யோசிப்பதற்குக்கூட ஒரு மூளை வேண்டும். "இளைப்பு வேணும்னா அந்தப் பொண்ண மூணு மாடி எறங்கி ஏறச் சொல்லுங்க. லிஃப்ட்தான் இல்லையே." "பண்ணிப் பாத்தாச்சு மேடம்" என்றான் எழிலன், பாவம், நிஜமாகவே. "ரெண்டு தடவை. அவளுக்கு இளைக்கலை."

சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் கேடு, கோபத்தைக் கையில் பிடித்து எழுந்து போக வேண்டிய நேரத்தில் சிரிப்பு வந்து அதைத் தட்டிவிட்டது. எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். படி இருக்கிறது, இறங்கினால் ஆட்டோ, ஆட்டோவில் ஏறினால் வீடு, வீட்டில் டொராண்டோவிலிருந்து மகள் போனில், நான்தான் எப்பவோ சொன்னேனேம்மா, சும்மா இருங்கன்னு. சும்மா இருக்கலாம். பிப்ரவரி மாதம் வாட்ஸாப்பில் யாரோ அனுப்பிய படத்தில் ஐரீனின் முகம், கீழே பிறந்த வருஷமும் இறந்த வருஷமும், நடுவில் ஒரு கோடு. அவள்கூடச் சும்மா இருக்கிறாள். பிரதீபாவின் மூச்சோடு அவள் தொலைக்காட்சியில் வருவாள், ஓடி வந்தவள் மாதிரி இளைத்துக்கொண்டு, எழுபத்தெட்டு வயது முகமும் முப்பது வயது நுரையீரலுமாக, அதைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் உறுத்தாது. எனக்கு உறுத்தும். எனக்கு உறுத்தினால் போதாதா. வார்த்தையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், அதை முதலிலிருந்தே யாரோதான் எழுதினார்கள். மூச்சு ஐரீனுடையது. பேசத் தொடங்கும் முன் மூக்கால் கொஞ்சம் இழுப்பாள், பொய் சொல்லும்போது மட்டும் இழுக்காமல் எச்சில் விழுங்குவாள், இதைக் கண்டுபிடிக்க இவளுக்கு மூன்று படம் ஆயிற்று. அவளுடைய மூன்றாவது புருஷனுக்காவது தெரிந்திருக்குமோ என்னவோ. "வெந்நீர் பிளாஸ்கை உள்ள கொண்டுவரலாமா, இல்ல அதுக்கும் சேனல்ல கேக்கணுமா?" என்றாள் ரூபவதி.

உள்ளே மைக்குக்கு முன்னால் அதே பழைய தாள் தாங்கி, ஆனால் இவளுக்குத் தாளில் ஒன்றும் இல்லை, இருமல், மூச்சு, மூச்சு, அம்மாடி, அழுகை என்று ஒரு பட்டியல் மட்டும். கண்ணாடிக்குப் பின்னால் எழிலன், பொத்தான்களோடு பாஸ்கர், சோபாவில் கால்மடக்கி பிரதீபா, கையில் போன், ஆனால் போனைப் பார்க்கவில்லை. திரையில் ஐரீன் வந்தாள். கடற்கரை வீடு, பிள்ளைகள் அதை விற்றுவிட்டு அம்மாவை முதியோர் இல்லத்தில் விட வந்திருக்கிறார்கள், கதை அவ்வளவுதான், யார் வீட்டில் நடக்காத கதை. காலையில் டெஸ்டுக்குப் பதிந்து வைத்த சீன்கள், வாயைத் திறந்தால் பிரதீபா பேசினாள். மூடினால் ரூபவதி மூச்சு விட்டாள். படியில் மூச்சு. கெட்டில் தூக்கும்போது மூச்சு. ஒரு மணி நேரம் இப்படி. முதலில் கூச்சம், பிறகு அது போய் வெறும் எரிச்சல், அந்தப் பெண் ஒரு வரியை இழுத்துவைத்து ஐரீன் அடுத்த மூச்சை எடுக்கவே இடமில்லாமல் செய்துவிடுகிறாள், பாவி, மனுஷி எங்கேதான் மூச்சு விடுவாள். பதினோரு மணியிலிருந்து நாற்காலி, முழங்கால், சார், ஆட்டுக்குட்டி, ஃப்ரெஷ், எல்லாம் நெஞ்சுக்குள் அடுக்கி வைத்த பாத்திரம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. "கடைசி சீன் மேடம்" என்றது எழிலனின் குரல் காதில். "அழுகை. ஒரு நிமிஷம் பத்து செகண்ட். பிரதீபா லைன் மேல வரும், நீங்க அடியில குடுத்துட்டே வாங்க."

ஜன்னல். அதற்கு வெளியே சாம்பல் நிறக் கடல். ஐரீனின் முதுகு, கம்பளிச் சட்டை, பின்னங்கழுத்தில் கலைந்த வெள்ளை முடி. காதில் ஆட்டுக்குட்டி, "கடலே, நீயாவது என்னைப் புரிஞ்சுக்கிட்டியே, நான் போறேன்" என்று தொடங்கியது. ரூபவதி அதைக் கேட்கவில்லை. தோளைப் பார்த்தாள். தோள் ஏறியது, இறங்கியது, இரண்டு தடவை, அழுகைக்கு மூக்கைச் சுருக்கி இவள் தயாராகிவிட்டாள், அப்போது இடது தோள், மட்டும், அரை அங்குலம். ராணி. மந்திரி போன பிறகு. ஐயோ, என் கண்ணே, நீ அழவே இல்லையே. உனக்குச் சலித்துப்போய்விட்டது. பிள்ளைகளும் பெட்டிகளும் கடலும், அழகாக நில்லுங்கள் என்று பின்னால் நிற்கிற கேமராவும், அறுபது வருஷமாக யார் யாருக்கோ தட்டு தூக்கி, கையசைத்து, கிரீடம் வைத்து, இப்போது கடைசியாகக் கொஞ்சம் அழுதுவிட்டும் போங்கள் என்கிறார்கள். ரூபவதியின் நெஞ்சுக்குள் இருந்த பாத்திரமெல்லாம் ஒரேயடியாகச் சரிந்தது. ஹூம் என்றும் சொல்ல முடியாது, உஸ் என்றும் சொல்ல முடியாது, ஒரு மூச்சு அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையில் ஒரு இடத்தில் தட்டி, மூக்கு வழியாக நீளமாக, கடைசியில் ஒரு சின்னச் சத்தத்தோடு முடிந்தது.

பாஸ்கர் படத்தை நிறுத்தினான். பிறகு எழிலன், "மேடம், தாள்ல அழுகைன்னு போட்டிருக்கு" என்றான். "அவ அழலை தம்பி." "தோள் குலுங்குதே?" "அழுதா அவளுக்குக் கழுத்து விறைக்கும். இது வேற. எடது தோளைப் பாருங்க." அவன் ஓட்டிப் பார்த்தான், மறுபடியும் பார்த்தான், அவனுக்குத் தெரிந்ததோ இல்லையோ. "சரி, ஆனா லைனோட ஒட்டலையே. அவ கடலே கடலேன்னு உருகறா, நீங்க போடான்னு சொல்ற மாதிரி இருக்கு." அப்போது சோபாவிலிருந்து பிரதீபா எழுந்து வந்து பாஸ்கரின் தோளுக்குமேல் குனிந்து திரையைப் பார்த்தாள். "எழிலண்ணே, என் லைனை எடுத்துட்டு ஒரு தடவை ஓட்டுங்களேன்" என்றாள், அவளுடைய சொந்தக் குரலில். பாஸ்கர் ஒரு பொத்தானை அமுக்கினான். ஜன்னல், கடல், முதுகு, ஒரு நிமிஷத்துக்கு ஒன்றுமில்லை, பிறகு அந்த ஒரு மூச்சு. "சேனல்ல கேட்டா நான்தான் பேச மாட்டேன்னுட்டேன்னு சொல்லிக்கோங்க" என்றாள் பிரதீபா. "ஆமா, நீ சொன்னா விட்டுருவாங்க" என்று எழிலன் தாடியைச் சொறிந்தான். ஆனால் கை பாதியில் நின்றது. "சரி, இருக்கட்டும். இதுல மட்டும் டயலாக் வேணாம். மத்ததெல்லாம் எழுதினபடிதான்." பிறகு, ஏதோ தப்புச் செய்துவிட்டவன் மாதிரி அவசரமாக, "மேடம், சேஃப்டிக்கு இன்னொரு டேக் குடுத்துடுங்க, அதே மாதிரி."

அதே மாதிரி. ரூபவதி நிமிர்ந்து நின்றாள். முதுகு வந்தது. தோள் வந்தது. மூச்சை இழுத்து விட்டாள், அது மெத்தென்று, பசியாறினவள் விடுகிற மூச்சாக வந்து விழுந்தது. "கொஞ்சம் சந்தோஷமா இருக்கு மேடம்" என்றான் எழிலன். இன்னொன்று. அதுவும் அப்படித்தான். நாற்காலியை நினைத்துப் பார்த்தாள், சிலிண்டர் பெண்ணை நினைத்துப் பார்த்தாள், ஒன்றும் சுடவில்லை, முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஐரீனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒருவர் எழுதின வரி இல்லை, அந்த நினைப்பே பாழாய்ப்போன சந்தோஷமாக நெஞ்சை அடைத்துக்கொண்டு நிற்கிறது, எங்கிருந்து சலிப்பைக் கொண்டுவருவது. நான்காவது டேக்கில் பாஸ்கர் கையைத் தூக்கி, முதலாவதையே வெச்சுக்கலாம் சார் என்றான். ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். பிரதீபா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ரூபாம்மா, அந்த நடுக்கம், அது நல்லால்லதானே?" என்று கேட்டாள். "நல்லால்ல" என்றாள் ரூபவதி. "நாளைக்கு உன் குரல்லயே பேசு. கேட்டா வயசாயிடுச்சுன்னு சொல்லு."

வெளியே வெயில் படிக்கட்டுவரைக்கும் ஏறி வந்திருந்தது. லிஃப்ட் கதவில் காகிதம் அப்படியே இருந்தது, பசை காய்ந்து ஒரு முனை மட்டும் தூக்கிக்கொண்டு. கம்பியைப் பிடித்து இறங்கத் தொடங்கினாள். முதல் ஐந்து படி சுகமாகத்தான் போயிற்று. ஆறாவது படியில் முழங்கால் பிடித்துக்கொண்டது, பையிலிருந்து பிளாஸ்க் சாய்ந்து வெந்நீர் புடவையில் ஒழுகியது, கீழே இன்னும் இரண்டரை மாடி இருந்தது, மகளின் போன் அடித்தது. ரூபவதி நின்றாள். அது வந்தது, அடிவயிற்றிலிருந்து, தொண்டையில் தட்டி, மூக்கு வழியாக நீளமாக, இடது தோள் முதலில் இறங்க. இதோ, இப்போது கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே.